தேர்வு முடிவுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர், உயர்கல்வித் துறைச் செயலாளர் இருவருக்கும் வணக்கம்.

அரியலூர் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவேன். வருகிற பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உதவுவேன். பணியில் இருந்த காலத்திலிருந்தே இது தொடர்கிறது. அந்த அனுபவத்திலிருந்து உங்கள் இருவரிடமும் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேரும் வரை கைபிடித்துக் கூட்டிப்போக, அதையே முழுநேர வேலையாகச் செய்யும் சேர்க்கை ஆலோசகர்களை நியமியுங்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-ல் புதுமைப்பெண், ஆண்களுக்கு 2024-ல் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். நான் முதல்வன், கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்று வழிகாட்டும் திட்டங்களும் வரிசையாக வந்தன. 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம்; தமிழ்நாட்டுக்கு 47. இந்த நிலைக்கு வர எத்தனை பேர் உழைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

திட்டங்கள் இவ்வளவு நன்றாக இருப்பதால்தான், அவை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேராமல் நிற்பதைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அப்பா லாரி ஓட்டுநர், அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கட்-ஆஃப் 160க்கு மேல். முடிவு வந்த அன்று மாலையே வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டார். காலேஜில் தெரிந்தவர் இருக்கிறார், கவுன்சலிங்குக்குக் காத்திருந்தால் நல்ல பிரிவெல்லாம் போய்விடும், இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சீட்டு உறுதி, பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்றெல்லாம் பேசியிருக்கிறார். இரண்டு நாளில் காரில் கூட்டிப்போய் ஒரு தனியார் கல்லூரியில் பத்தாயிரம் ரூபாய் கட்ட வைத்து, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகவே ஒப்படைக்கச் செய்துவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம். அந்த வழியில் சேர்ந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கட்டணச் சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. நான்கு வருடமும் ஒரு ரூபாய் கட்டாமல் படித்திருக்க வேண்டிய பெண்ணுக்காக அவளுடைய அப்பா வட்டிக்குக் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பையன் சொல்லி அவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். சான்றிதழ்களை அசலாக வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்போ விலகினால் சிறு பிடித்தம் போகக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிக்கையை அச்செடுத்து அப்பாவின் கையில் கொடுத்தேன். காகிதத்தைக் காட்டியும் மூன்று முறை அலைய விட்டுத்தான் சான்றிதழைக் கொடுத்தார்கள். அவள் கலந்தாய்வில் கலந்துகொண்டாள், திருச்சியில் மின்னணுவியல் கிடைத்தது, இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் நூலகத்துக்கு வந்ததால் இது நடந்தது. அதே தெருவில் வராமல் போனவர்கள் எத்தனை பேரோ!

இந்தக் குடும்பத்துக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கு அந்தப் பெண்ணும் போயிருக்கிறாள். மண்டபம் நிறையக் கூட்டம், மேடையில் நல்ல பேச்சாளர்கள், கையில் ஒரு கையேடு. 7.5 சதவீதம் பற்றி அந்தக் கையேட்டிலேயே இருந்தது. ஆனால் "இது உனக்குப் பொருந்தும், ஆகவே நீ யாருக்கும் முன்பணம் கட்டாதே" என்று அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. திண்ணைக்கு வந்தவர் அந்தத் தரகர்தான். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறதே என்பீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கேட்டால்தான் அது பதில் சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாத வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு போகாது.

முடிவு வருவது மே மாதத்தில். அப்போது பள்ளி விடுமுறையில் இருக்கும். பிள்ளைக்கு ஆசிரியர் மிகவும் தேவைப்படுகிற நாட்களில் பள்ளியின் கதவு பூட்டியிருக்கிறது. உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறீர்கள். அவர்களில் பலர் சொந்தக் காசில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர் முதலில் வேதியியல் ஆசிரியர் அல்லது வரலாற்று ஆசிரியர். ஜூனில் பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை, புத்தக விநியோகம், எமிஸ் என்கிற மாணவர் தகவல் தளத்தில் பதிவு, பாடம் எல்லாம் அவர் தலையில். கலந்தாய்வின் சுற்றுகள் நடப்பதோ ஜூலை, ஆகஸ்டில். பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்தில் கட்டுப்பாட்டு அறையும் திறக்கிறார்கள். அங்கே போய்வர எங்கள் ஊரிலிருந்து ஒரு முழுநாளும் ஒரு நாள் கூலியும் போகும்.

சாய்ஸ் ஃபில்லிங் என்று பிள்ளைகள் சொல்கிற விருப்பப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆலோசகரின் அருமை எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது அங்கேதான்.

1997-ல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை தொடங்கியபோது அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே போக வேண்டியிருந்தது. விடிய விடியப் பேருந்தில் போய், கிண்டியில் இறங்கி, பெரிய திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார்கள். அலைச்சல் அதிகம்தான், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். 2018 முதல் எல்லாம் இணையத்தில். பயணம் மிச்சம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை செல்போன் திரையில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் எண்களையும், பிரிவுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகளையும் பார்த்துத் தானே வரிசைப்படுத்த வேண்டும். இத்தனைதான் போட வேண்டும் என்ற உச்சவரம்பு இல்லை. ஐம்பது போடலாம், நூறும் போடலாம். இது பலருக்குத் தெரியாது. நான்கைந்து பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குப் போய் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சுற்றில் அவர்கள் கேட்பது மிச்சம் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. "டீச்சர், எனக்குக் கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கிறதும் போயிடுமா?" என்று நூலகத்தில் கேட்காத பிள்ளை கிடையாது. போகாது. தரவரிசைப்படி உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருப்பதை ஒதுக்குவார்கள். ஆசைப்பட்டதை முதலில் போட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. நிச்சயமாகக் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டுவிட்டால், அதற்குக் கீழே இருக்கிற நல்ல கல்லூரி காலியாகவே இருந்தாலும் உனக்கு வராது. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால், பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு, தன்னைவிடக் குறைந்த கட்-ஆஃப் எடுத்த தோழி நல்ல கல்லூரிக்குப் போவதைப் பார்த்து அழுத பெண்ணுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

அதன் பிறகு ஒதுக்கீட்டை உறுதி செய்யும் கட்டம். ஏற்றுக்கொண்டு சேருகிறேன், ஏற்றுக்கொண்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறேன், வேண்டாம், அடுத்த சுற்று என்று பல பொத்தான்கள். கெடு குறுகியது. ஓடிபி வருகிற எண் அப்பாவுடையது. அப்பா அப்போது திருப்பூரிலோ நாக்பூர் நெடுஞ்சாலையிலோ இருப்பார். இ-சேவை மையத்தில் பதிந்தவர்களில் சிலருக்கு மையத்துக்காரரின் எண்ணையே கொடுத்து வைத்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர் கடையைத் தேடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறோம்.

பொறியியலையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்குத் தனி விண்ணப்பம், மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். வேளாண்மை, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, செவிலியர் உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகள், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனிக் கடைசித் தேதி. உரிய பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டடக் கலைக்கு நாட்டா போன்ற தனி நுழைவுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். முடிவு வரும் முன்பே அதைச் சொல்லி வைக்க வேண்டும். ஆடு மாடுகளோடு வளர்ந்து, மிருக டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன் ஒருவன் நல்ல மதிப்பெண்ணோடு வந்து நின்றபோது விண்ணப்பத் தேதி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பொறியியல் விண்ணப்பத்திலேயே அதுவும் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

சலுகைகளின் நுணுக்கங்களும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் 7.5 சதவீதம் பொருந்தும் என்பது பெற்றோருக்கு எங்கே தெரிகிறது? முதல் பட்டதாரிச் சான்று கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வர நாளாகும். ஏப்ரலிலேயே போட்டு வைக்கச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஜூனில் ஓட வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு ஏற்றவர் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். விதிமுறை தெரிந்திருந்தால் மட்டும் போதாது. பிள்ளை சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும். "கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணும் சார்" என்கிற பையனிடம் ஏன் என்று கேட்டால், மாமா சொன்னார் என்பான். இன்னும் கொஞ்சம் பேசினால், எட்டாம் வகுப்பிலிருந்தே ஊரில் மோட்டார் பம்ப் ரிப்பேர் பார்ப்பவன் என்று தெரியவரும். பெண் பிள்ளையின் அம்மா கேட்பது வேலைவாய்ப்பு விகிதத்தை அல்ல. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, விடுதியில் வார்டன் இருக்கிறாரா, மாதம் எவ்வளவு ஆகும், இவைதான் அவர் கேள்விகள். அதற்குப் பதில் சொன்னால்தான் அந்தப் பெண் வெளியூர் போவாள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி எங்கே இருக்கிறது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். நீட் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம், இதற்கிடையே பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் விண்ணப்பம் போட்டு வை என்று மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். ஆசையைக் குறைக்காமல் மாற்று வழியையும் கையில் வைத்திருக்கச் செய்கிற வேலை அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும் அவருக்கு ஒரு பைசா ஆதாயம் இருக்கக் கூடாது. இன்று எங்கள் ஊரில் "கல்வி ஆலோசகர்" என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கல்லூரிகள் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கின்றன. பக்கத்து மாநிலங்களின் நர்சிங் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கவும் ஏஜென்ட்டுகள் வருகிறார்கள். அந்தக் கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா, படித்து முடித்தபின் இங்கே செவிலியராகப் பதிவு செய்ய முடியுமா என்று அவர்கள் சொல்வதில்லை. கேட்கத் தெரிந்த பெற்றோரும் குறைவு.

அமெரிக்காவில் இதே நோய்க்கு 1992-ல் ஒரு மருந்து கண்டார்கள். மத்திய அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறுகிற கல்லூரிகள், ஆள் சேர்ப்பவர்களுக்குச் சேர்க்கைக் கணக்கின்படி கமிஷன் தரக் கூடாது என்று உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே 1992-ல்தான் தமிழ்நாடும் கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. மாணவரிடம் அதிகப் பணம் வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம் அது. கல்லூரி தரகருக்குக் கொடுக்கிற தலைக் காசையும் அதன் வரம்புக்குள் கொண்டுவாருங்கள் என்று உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காசு கடைசியில் மாணவரின் கட்டணத்திலிருந்துதானே போகிறது!

பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அங்கேயே பல மாநிலங்கள் அதை எட்டவில்லை. நம்மிடம் அந்த எண்ணிக்கையை உடனே கேட்கவில்லை. மூன்று நான்கு அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒருவர் என்று தொடங்கினாலே பெரிய மாற்றம் தெரியும். அங்கே இன்னொரு நல்ல முறையும் இருக்கிறது. 2005-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் ஒன்று, புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர்களை உயர்நிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர்களாக உட்கார வைக்கிறது. நமக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்தும். முதல் பட்டதாரிச் சலுகையில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். இதே வழியில் நடந்து போனவர்கள். அவர்களில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் முறையான பயிற்சி கொடுத்து, கௌரவமான சம்பளத்தோடு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நியமிக்கலாம். மதிப்பூதியம் என்ற பெயரில் சில ஆயிரங்களைக் கொடுத்தால், அந்த நாற்காலிக்கும் தரகரே வந்து சேர்வார்.

அவர்கள் வேலை பிளஸ் டூ வகுப்பு தொடங்கும்போதே தொடங்கட்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கடைசித் துணைக் கலந்தாய்வு முடியும் வரை அதே பிள்ளைகளோடு இருக்கட்டும். மே மாதத்தில் அவர்களுக்கு விடுமுறை வேண்டாம். வேறு மாதத்தில் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து வருபவர்களுக்கு பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று சொல்வதும் அவர்கள் பொறுப்பாகட்டும். கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்கு எந்தக் கதவுகள் மூடிவிட்டன என்பதை இரண்டு வருடம் கழித்துச் சொல்வது கொடுமை.

பள்ளிக் கல்வித் துறையிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுக்கிறீர்கள். எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார்கள், தங்களுக்கு உரிய சலுகை கிடைத்ததா, இரண்டாம் ஆண்டிலும் அதே கல்லூரியில் இருக்கிறார்களா என்பதையும் எடுங்கள். எமிஸ் எண் ஏற்கெனவே இருக்கிறது. 7.5 சதவீதத்துக்குத் தகுதியுள்ள எத்தனை பிள்ளைகள் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிப் படிக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டிவிடும். அந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள்.

முழு மாநிலத்துக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால் அரியலூர், பெரம்பலூர், கள்ளக்குறிச்சி போன்ற சில மாவட்டங்களில் வருகிற கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். நியமன ஆணை டிசம்பருக்குள் வந்தால்தான் பயிற்சி முடித்து, ஏப்ரலில் சான்றிதழ் வேலைகளுக்கு ஆள் தயாராக இருக்கும். பயிற்சிக்கு என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள், சம்பளம் எதிர்பார்க்காமல் வருவோம். தேர்வு முடிவு வெளியாகும் காலையில், ஒவ்வொரு பிள்ளையின் செல்போனிலும் மதிப்பெண்ணோடு சேர்த்து, அந்தப் பள்ளிக்கான ஆலோசகரின் பெயரும் எண்ணும் போய்ச் சேரும்படி செய்யுங்கள். தரகர் அன்று மாலைதான் வருவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை ஒருவர்,
அரியலூர் மாவட்டம்